கேம்பர் வேன் உள்கூரைத் துணி மறுபடியும் தொங்குகிறது, கழற்றி ஒட்டுவது எப்படி?

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பழைய கேம்பர் வேன் ஒன்று இருக்கிறது. உள்கூரைத் துணி நடுவில் பை மாதிரி தொங்கி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் தலையில் உரசுகிறது. போன மாதம், துணி ஒட்டியிருக்கும் உள்கூரைப் பலகையைக் கழற்றாமலேயே ஓரத்தை உரித்து, உள்ளே ஸ்ப்ரே பசை அடித்து அழுத்தி விட்டேன். மூன்று நாள் நன்றாக இருந்தது. வெயிலில் நிறுத்திய அன்று சாயங்காலமே இறங்கிவிட்டது. பசை ஊறிய இடமெல்லாம் இப்போது திட்டுத் திட்டாகக் கறை வேறு.

துணியைத் தொட்டாலே பின்னாலிருந்து மஞ்சளாக மாவு கொட்டுகிறது. கூரை வென்டிலேட்டர் பக்கத்தில் பழுப்பு வளையம் ஒன்றும் இருக்கிறது. இந்தத் தடவை முழுதாகக் கழற்றிச் செய்யலாம் என்று இருக்கிறேன். பலகை உடையாமல் வெளியே வருமா? எந்தப் பசை நிற்கும்?

பதில் 1:
அந்த மஞ்சள் மாவில்தான் விஷயமே இருக்கிறது. துணிக்குப் பின்னால் சுமார் 3 மி.மீ. கனத்தில் ஸ்பாஞ்ச் இருக்கும். பலகையில் ஒட்டியிருப்பது அந்த ஸ்பாஞ்ச்தான், துணி இல்லை. வருடக்கணக்கில் சூடும் ஈரமும் பட்டு அது உளுத்துப் போய்விடும். கேம்பரில் சமையல் ஆவியும் இரவு மூச்சின் ஈரமும் சேர்வதால் இன்னும் சீக்கிரம். நீங்கள் ஒட்டியது மாவின் மேல். எவ்வளவு நல்ல பசையானாலும் மாவைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது. பழைய துணியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும் புதுத் துணி வாங்குங்கள், நீள அகலத்தில் ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக.

பதில் 2:
தம்பி, பலகை எடுக்கிறதைப் பத்தி நான் சொல்றேன். நாலு வேன்ல பண்ணியிருக்கேன். முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. ஜன்னல் மேல ஏர்பேக் இருக்கிற வண்டியா இருந்தா, வண்டிக் கையேட்டில சொன்ன நேரம் காத்திருங்க, பத்து நிமிஷமாவது. ஏர்பேக் வயர்ல கை வைக்கவே வைக்காதீங்க.

அடுத்தது மேல் அலமாரி. கேம்பர்ல பாதி வேலை அதுதான். பலகை ஓரம் அலமாரிக்கு மேல சொருகியிருக்கும், அலமாரி இறங்காம பலகை அசையாது. அப்புறம் சன்வைசர், கைப்பிடி, விளக்கு, வென்டிலேட்டரோட உள் சட்டம், ஜன்னல் தூண் மேல இருக்கிற கவர், கதவு ஓரத்து ரப்பர் பீடிங். ஒவ்வொண்ணோட திருகையும் தனித்தனி கவர்ல போட்டுப் பேர் எழுதி வைங்க. கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதீங்க, பலகைல ஓட்டை விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் போதும்.

கடைசி ரெண்டு கிளிப் கழட்டும்போது கீழே ஒருத்தர் கட்டாயம் தாங்கணும். பலகை தன் பாரத்துலயே நடுவுல மடங்கிடும். முன் சீட்டை முழுசா சாய்ச்சு, பின் கதவு வழியா கொஞ்சம் கோணலா இழுத்தா வந்துடும்.

ஒண்ணு கேக்கணும், பலகைதானே? சில பழைய வேன்ல பலகையே இருக்காது. இரும்புக் கம்பி வளைவுல ரெக்சின் கோத்திருக்கும். அதுன்னா கம்பி ஒவ்வொண்ணும் வேற நீளம். முன்னால இருந்து வரிசையா நம்பர் போட்டுத்தான் கழட்டணும்.

கேட்டவர்:
பலகைதான் அண்ணா. நேற்று நானும் தம்பியுமாக எடுத்துவிட்டோம். ஆனால் பின்பக்க மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விட்டுவிட்டது. மேலே பார்த்தால் வென்டிலேட்டர் சட்டத்தை ஒட்டிய தகரத்தில் லேசாகத் துரு. பலகையின் மேல்பக்கமும் ஈரம் பட்டு மெத்தென்று இருக்கிறது.

பதில் 3:
அந்த ஒழுக்கு அடைபடாமல் துணி ஒட்டிவிடாதீர்கள், இரண்டு மழையில் அதே வளையம் திரும்ப வரும். கறை இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நுழைகிறது என்றும் நம்ப வேண்டாம். கூரைத் தகரத்தின் வரி வழியாக ஓடி வேறெங்கோ சொட்டும். வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்க, உள்ளே நீங்கள் டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். பக்கவாட்டில், தாழ்வான இடத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே வரச் சொல்லுங்கள். எடுத்தவுடன் உச்சியில் அடித்தால் எல்லா இடமும் நனைந்து எதுவும் புரியாது.

வென்டிலேட்டர்தான் என்றால், மேலே சிலிக்கான் பூசி மூடுவது வீண் வேலை. சட்டத்தையே எடுத்து, பழைய சிலிக்கானை மிச்சமில்லாமல் சுரண்டி, துருவைத் தேய்த்து பிரைமர் அடித்து, புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசின் ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்கள்.

கீறலுக்குப் பலகையின் மேல்பக்கத்தில் ஃபைபர் கிளாஸ் துணியும் ரெசினும் போடுங்கள். பலகை நன்றாகக் காய்ந்த பிறகு. காயும்போது சமதளத்தில் வைக்காமல் அதன் வளைவு மாறாதபடி முட்டுக் கொடுங்கள்.

பதில் 1:
இனி ஒட்டும் வேலை. மாஸ்க் போட்டுக்கொண்டு நைலான் பிரஷால் பழைய ஸ்பாஞ்ச் முழுவதையும் தேய்த்து எடுங்கள். இரும்பு பிரஷ் பலகையின் மேல்தோலை உரித்துவிடும். விரலால் தடவினால் தூள் ஒட்டாத வரை தேய்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் துணி நிற்பதும் விழுவதும் இதில்தான்.

வெயிலில் நிற்கும் வேனின் கூரைத் தகரம் 70 டிகிரிக்கு மேலும் போகும். சாதாரண கைவினைப் பசை அதில் இளகிவிடும், உங்களுக்கு அன்று நடந்தது அதுவும்தான். 80 டிகிரியாவது தாங்கும் என்று டப்பாவில் போட்ட கான்டாக்ட் பசை (ஒட்டும் இரண்டு பக்கமும் பூசும் வகை) வாங்குங்கள். வண்டிக்கு வெளியே வைத்து அடியுங்கள். உள்ளே அடித்தே ஆக வேண்டுமென்றால் கேஸ் ஃபிரிட்ஜ், ஹீட்டர் எதிலும் சுடர் எரியக் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும்.

துணியைப் பலகை மேல் விரித்துப் பாதியை மடித்துக்கொள்ளுங்கள். பலகை, ஸ்பாஞ்ச் இரண்டிலும் பசை அடித்து, தொட்டால் பிசுபிசுக்கும், ஆனால் விரலில் ஒட்டாது என்கிற பதம் வரும்வரை விடுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள். இழுக்காதீர்கள். பள்ளமான இடத்தில் இழுத்து ஒட்டினால், சூட்டில் அங்கேதான் முதலில் கிளம்பும். முதலில் பள்ளத்தில் துணியை அமர்த்தி, அப்புறம் மேடு. மறு பாதிக்கும் இப்படியே. விளக்குத் துளையை அடுத்த நாள் காய்ந்த பிறகு வெட்டுங்கள், அதுவும் நட்சத்திரமாகக் கீறி உள்ளே மடித்து.

கேட்டவர்:
ஒழுக்கு வென்டிலேட்டரின் முன் மூலையில்தான். டேப் வைத்து இறுக்கிவிட்டேன், ஹோஸ் அடித்தும் சொட்டு இல்லை. துணி ஒட்டி ஒரு நாள் காயவைத்து, இன்று காலை மூன்று பேராகப் பலகையை ஏற்றினோம். வென்டிலேட்டர் உள் சட்டம் மட்டும் முழுதாக உட்கார மறுக்கிறது. திருகு எட்டவில்லை.

பதில் 2:
புதுத் துணியோட கனம் தம்பி, அவ்வளவுதான். மடிச்சு விட்ட துணியை சட்டத்துக்குக் கீழே மறையுற அளவுக்கு மட்டும் விட்டுட்டு மீதியை நறுக்குங்க. அப்பவும் எட்டலைன்னா கொஞ்சம் நீளமான திருகு போடுங்க. ரொம்ப நீளம் வேண்டாம், மேல் சட்டத்தைத் துளைச்சிடும்.

கேட்டவர்:
நறுக்கியதும் உட்கார்ந்துவிட்டது. பழைய திருகே போதுமாக இருந்தது. மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்தினேன், ஒரு இடமும் கிளம்பவில்லை. மூன்று பேருக்கும் மிக்க நன்றி.