ஜூனோ-106 "முழு அனலாக்"காம்! யாரை ஏமாத்தறீங்க?

வோல்ட்_வேந்தன்
நம் ஃபோரத்தின் விற்பனைப் பகுதியில் ஒருவர் ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரை (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) போட்டிருக்கிறார். "1984 மாடல், முழு அனலாக், ஆறு குரல், வார்ம் சவுண்ட்" என்று விளம்பரம். அவர் கேட்கும் விலையை வீட்டில் சொன்னால் சோறு போட மாட்டார்கள்.

பொறுமையாகவே சொல்கிறேன். ஆறு குரல் என்றால் ஒரே நேரத்தில் ஆறு நோட், சரி. ஆனால் அனலாக் என்றால் எண் கணக்கு இல்லாமல் வோல்டேஜே ஒலியைச் செய்ய வேண்டும். அந்த மெஷினுக்குள் 8253 என்று ஒரு டைமர் சிப் உட்கார்ந்திருக்கிறது. கிரிஸ்டலில் இருந்து வரும் துடிப்பை அது எண்ணுகிறது. எண்ணி முடித்ததும் ஒரு பல்ஸ், மறுபடி முதலில் இருந்து எண்ணிக்கை. இதற்குப் பெயர் டிசிஓ, அதாவது டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் ஆசிலேட்டர் (சுருதியை உண்டாக்கும் பகுதி). எண்ணுகிற பொருள் எப்படி ஐயா அனலாக் ஆகும்? என்னிடம் 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் இருக்கிறது. ஆறு குரலுக்கு ஆறு விசிஓ, அதாவது வோல்டேஜ் கட்டுப்படுத்தும் ஆசிலேட்டர்; ஒலியை வடிகட்ட எஸ்எஸ்எம்2044 ஃபில்டர். வோல்டேஜ் ஏறினால் சுருதி ஏறும். எண்ணாது.

புதுசு_2
சார் அதுக்கு நான்தான் அட்வான்ஸ் குடுத்திருக்கேன். வாங்கலாமா வேணாமா?

ஈயப்பற்று
வேந்தன் சார், பாதி சர்க்யூட்தான் படிச்சிருக்கீங்க. 8253 எண்ணுது, சரி. எண்ணி முடிச்சு என்ன பண்ணுது? ஒரு கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணுது, அவ்வளவுதான் அதோட வேலை. திரும்ப அந்த கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுதில்ல, அந்த ஏற்றம்தான் சாடூத் வேவ், ரம்பப்பல் மாதிரி அலை. ஆசிலாஸ்கோப்ல போட்டுப் பாருங்க, படிக்கட்டு எதுவும் தெரியாது, நேரா சாய்ஞ்ச கோடு. பல்ஸ் வேவ் அதுல இருந்து, வோல்டேஜை ஒப்பிடற கம்பேரேட்டர் வழியா வருது. அதுக்கப்புறம் ஃபில்டர், சத்தத்தோட அளவை மாத்தற விசிஏ எல்லாமே வோல்டேஜ்தான். கிளாக் சொல்றது எப்ப விழணும்னு மட்டும். விழுறதும் ஏறுறதும் அனலாக்.

வோல்ட்_வேந்தன்
நீளமான பதில். நான் கேட்டது சின்னக் கேள்வி. 8253 எண்ணுகிறதா, இல்லையா?

ஈயப்பற்று
எண்ணுதுன்னுதான் முதல் வரியிலயே சொன்னேன்.

வோல்ட்_வேந்தன்
நன்றி. வழக்கு முடிந்தது.

கருப்புக்கட்டை
என்ன வழக்கு, என்ன முடிஞ்சது? எண்ணிட்டுப் போகட்டுமே. மண்டபத்துல ஏசி கிடையாது, ஜெனரேட்டர் ஒரு பக்கம் உறுமுது, மேடை லைட் தலைக்கு மேல எரியுது. அந்த சூட்டுல விசிஓ கீபோர்டை வச்சு ரெண்டு பாட்டு வாசிச்சுப் பாருங்க, மூணாவது பாட்டுல பாடகர் உங்களைத் திரும்பிப் பார்ப்பாரு. சுருதி ஓடுதுன்னு எல்லாரும் அழுததாலதானே டிசிஓவே வந்துச்சு? பழைய விசிஓ சிந்த் மினிமூக்கை ஆன் பண்ணி, சூடாகட்டும்னு காத்துக் கெடந்து, அப்புறமும் ட்யூனிங் குமிழைத் திருகிக்கிட்டு நின்னவங்களைக் கேளுங்க.

வோல்ட்_வேந்தன்
மேடைக்காரர்களுக்கு எது கிடைத்தாலும் ஒன்றுதான். ரிதம் பட்டனை அமுக்கிவிட்டு ட்ரான்ஸ்போஸ் பட்டனில் சுருதி மாற்றுகிறவர்களிடம் ஆசிலேட்டர் பற்றிப் பேசி என்ன பயன்? தம்புராவில் நான்கு தந்தியும் இம்மி பிசகாமல் நின்றால் அதில் என்ன இருக்கிறது? அந்த லேசான அசைவுதான் உயிர். 106-இல் ஆறு குரலும் ஒரே கிரிஸ்டலுக்கு அடிமை.

கருப்புக்கட்டை
ட்ரான்ஸ்போஸ் பட்டனா? வேந்தரே, நான் எந்த சுருதியிலயும் கையால வாசிப்பேன். நீங்க வாசிச்ச ஒரு ஆடியோவாவது இந்த ஃபோரத்துல போட்டிருக்கீங்களா இதுவரைக்கும்? போட்டதெல்லாம் போட்டோதான். அதுலயும் கீபோர்டு மேல துணி மூடியிருக்கு.

ஸ்காபரோ_சிந்து
வேந்தன் அண்ணை, ஒண்டு கேக்கிறன். ப்ராஃபெட்-5 சிந்த் அனலாக்கோ இல்லையோ? 1978ல வந்தது, டேவ் ஸ்மித் செய்த சாமான். உலகமே அதை அனலாக் எண்டுதான் கும்பிடுது. அதுக்குள்ள இசட்80 ப்ராசசர் கிடக்கு. எந்தக் கட்டை அமத்தினது எண்டு பாக்கிறதும் அதுதான், அதுக்கு எத்தினை வோல்ட் எண்டு நம்பராக் கணிச்சு, நம்பரை வோல்டேஜாக்கிற டிஏசியால வெளிய விடுறதும் அதுதான். உங்கட பாலிசிக்ஸுக்குள்ளயும் ப்ராசசர் கிடக்கு. அது எண்ணாமல் என்ன, கை கட்டிக்கொண்டு இருக்கோ?

வோல்ட்_வேந்தன்
தம்பி, வித்தியாசம் புரியவில்லை உங்களுக்கு. ப்ராஃபெட்டில் ப்ராசசர் சொல்லும், விசிஓ கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கும் நடக்கும். அதனால்தான் அதில் ட்யூன் பட்டன் வைத்தார்கள். 106-இல் ட்யூன் பட்டனே தேவையில்லை, ஏன்? எண்ணுவதால்.

ஸ்காபரோ_சிந்து
அப்ப பிழை விட்டால்தான் அனலாக் எண்டு சொல்லுறியள்.

வோல்ட்_வேந்தன்
நான் அப்படிச் சொல்லவில்லை. எண்ணினால் டிஜிட்டல் என்றேன்.

ஈயப்பற்று
இவ்வளவு ஆசையா சண்டை போடணும்னா அதுக்கு வேற நல்ல இடம் இருக்கு சார். 106-ல என்வலப் (நோட் எப்படி எழும்பி அடங்கணும்ங்கறது), எல்எஃப்ஓ (சத்தத்தை மெதுவா ஆட்டறது) ரெண்டுமே சிபியு கணக்குப் போட்டுத் தர்றது, சாஃப்ட்வேர். முந்தின ஜூனோ-60ல என்வலப்புக்குன்னு தனி ஹார்ட்வேர் சிப் உண்டு, ஐஆர்3ஆர்01. 60ஐ இன்னமும் தேடி வாங்குறவங்க அதைத்தான் காரணமா சொல்வாங்க. 60ல அர்பெஜியேட்டர் (அமுக்கின நோட்டுகளை ஒண்ணொண்ணா தானே வாசிக்கறது) இருக்கும், மிடி (வேற கருவியோட இணைக்கறது) இருக்காது. 106-ல மிடி இருக்கும், அர்பெஜியேட்டர் இருக்காது. டிசிஓ ரெண்டுலயும் இருக்கு. நீங்க என்னடான்னா இருக்கறதுலயே உப்பு சப்பில்லாத விஷயத்தைப் புடிச்சுத் தொங்குறீங்க.

வோல்ட்_வேந்தன்
ஆக என்வலப்பும் போலி. என் தரப்புக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஆனால் நான் ஆரம்பித்தது 8253-இல், அதைவிட்டு நகர மாட்டேன்.

ஸ்காபரோ_சிந்து
அந்த கோரஸ் எஃபெக்டை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை? ஜூனோவின்ர சத்தம் எண்டு சனம் உருகிறது கோரசுக்குத்தான். ஒரு குரலுக்கு ஒரு ஆசிலேட்டர்தான் எண்டபடியால் மெல்லிசாக் கேக்கும், அதைத் தடிப்பாக்கத்தான் அதைப் போட்டவை. உள்ளுக்க எம்என்3009 எண்டு ரெண்டு பிபிடி சிப். சிக்னலை வோல்டேஜாவே ஒண்டிலயிருந்து அடுத்ததுக்குக் கைமாத்திக் கைமாத்திப் பிந்தவைக்கும். கைமாத்தச் சொல்லுறது ஆர்? கிளாக். பாலிசிக்ஸின்ர என்சம்பிளுக்குள்ளயும் உதே பிபிடிதான் அண்ணை. அதை நிப்பாட்டிப்போட்டோ வாசிக்கிறனீங்கள்?

வோல்ட்_வேந்தன்
என்சம்பிள் எஃபெக்ட். எஃபெக்டைப் பற்றி யார் பேசினார்கள்? பேச்சு ஆசிலேட்டர்.

புதுசு_2
சார் எல்லாரும் ஒரு நிமிஷம். விக்கிறவர் வீடியோ அனுப்பினார். ஆறாவது நோட் வாசிச்சா சில சமயம் சத்தமே வரல, அப்புறம் ஒரு மாதிரி கரகரன்னு வருது. கேட்டா "ரொம்ப நாள் வாசிக்கல, ஆன்ல வச்சா சரியாயிடும்"ங்கறார்.

ஈயப்பற்று
சரியாகாது. அது 80017ஏ. ஃபில்டரும் விசிஏவும் சேர்ந்த சிப், குரலுக்கு ஒண்ணுன்னு ஆறு இருக்கும். அது மேல பூசின கருப்பு எப்பாக்ஸிதான் வில்லன், வருஷம் ஆக ஆக உள்ளுக்குள்ள லீக்கேஜ் ஆரம்பிச்சுடும். கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிட்டே பவர் ஆன் பண்ணச் சொல்லுங்க, டெஸ்ட் மோட் வரும். ஒவ்வொரு நோட்டுக்கும் டிஸ்ப்ளேல குரல் நம்பர் காட்டும். எது சாகுதுன்னு அப்படியே தெரிஞ்சுடும். விலையை அதை வச்சுப் பேசுங்க. ஒண்ணு போயிருந்தா மத்த அஞ்சும் வரிசையில நிக்குதுன்னு வச்சுக்கங்க.

ஸ்காபரோ_சிந்து
தம்பி, பயப்பிடாதேங்கோ. கழட்டி அசிட்டோனுக்குள்ள ஊறப்போட்டால் எப்பாக்ஸி இளகி வந்திடும். நான் என்ர 106க்கு அப்பிடித்தான் செய்தனான், இண்டைக்கும் ஆறும் பாடுது. கால் முறியாமல் கழட்டவேணும், அதுதான் கவனம்.

ஈயப்பற்று
எல்லா சிப்பும் அசிட்டோன்ல பிழைக்காது. நான் புது க்ளோன் சிப் ஆறையும் ஒரே தடவையில மாத்திடுவேன். கஸ்டமர் மறுபடி வரக்கூடாது.

வோல்ட்_வேந்தன்
அடடா, பிரமாதம்! ஒரிஜினல் சிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேற்று செய்த சிப்பைச் சொருகுவார். பிறகு "1984 ஜூனோ" என்று விற்பார்கள். ஏற்கெனவே எண்ணுகிற மெஷின், இப்போது ஃபில்டரும் புதுசு. மிச்சம் என்ன, மேல்தகடா? சேகரிக்கிறவன் பிடுங்க மாட்டான். பழுதானாலும் பழுதானபடியே வைத்திருப்பான்.

ஈயப்பற்று
பழுதானபடியே வச்சிருக்கறது பத்தி உங்களுக்கு நல்லாவே தெரியும் சார். பாலிசிக்ஸ்ல கேஎல்எம்-367 போர்டு மேல இருக்கிற அந்த நிக்கல் காட்மியம் பேட்டரியை எடுத்துட்டீங்களா? ஒழுகி ட்ராக்கை எல்லாம் தின்னுடும், உடனே எடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

வோல்ட்_வேந்தன்
அந்தக் கதையை இங்கே இழுக்க வேண்டாம். அதற்கு நீங்கள் கேட்ட கூலியை நான் இங்கே எழுதட்டுமா?

ஈயப்பற்று
தாராளமா எழுதுங்க. ஒழுகின போர்டுல அறுந்த ட்ராக்குக்கு ஒவ்வொண்ணா ஒயர் போடணும். ஒரு மாசத்து வேலை. "ஒரிஜினல் தன்மை போயிடும்"னு சொல்லித் தூக்கிட்டுப் போனது நீங்க.

கருப்புக்கட்டை
ஓஹோ, துணி மூடியிருக்கறதுக்கு இதான் காரணமா?

வேந்தரே, நம்ம ஊர்ல இந்த சாமானை வச்சு உண்மையிலயே ஏதாவது பண்ணவர்னா சரண்ஜித் சிங். பம்பாயில சினிமாவுக்கு வாசிச்சவரு. 1982லயே ஜூபிட்டர்-8 சிந்த், டிபி-303 பேஸ் மெஷின், டிஆர்-808 தாள மெஷின் மூணையும் வச்சு பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ரெக்கார்டு போட்டாரு. அப்ப ஒருத்தரும் சீண்டல. 2010ல மறுபடி வெளியிட்டப்புறம்தான் வெள்ளைக்காரன் வாயைப் பொளந்தான். அவரு எண்ணுதா எண்ணலையான்னு பார்த்தாரா? வாசிச்சாரு.

வோல்ட்_வேந்தன்
நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். ஜூபிட்டர்-8-இல் எட்டுக் குரலுக்குப் பதினாறு விசிஓ. எண்ணாது. அந்த மனிதருக்கு எதை வாங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கருப்புக்கட்டை
அதே ரெக்கார்டுல 808 இருக்கே? பதினாறு ஸ்டெப்பையும் எண்ணி எண்ணித்தான் அடிக்குது. அப்ப 808 டிஜிட்டலா? சொல்லுங்க பார்ப்போம்.

வோல்ட்_வேந்தன்
தாளம் வேறு, சுருதி வேறு. தாளத்தை நாம் விரல் விட்டே எண்ணுகிறோம், எண்ணாமல் தாளம் ஏது? சுருதியை யாராவது எண்ணுவார்களா?

ஸ்காபரோ_சிந்து
440 ஹெர்ட்ஸ் எண்டால் என்ன அண்ணை? ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் எண்டு எண்ணுறதுதானே?

வோல்ட்_வேந்தன்
குதர்க்கம்.

ஸ்காபரோ_சிந்து
மற்றது கருப்புக்கட்டை அண்ணை, சரண்ஜித் சிங்தான் அசிட் ஹவுஸ் எண்ட நடன இசையைக் கண்டுபிடிச்சவர் எண்டு இனி ஆரும் துவங்கிடாதேங்கோ. சிகாகோ ஆக்கள் 303ஐத் திருகினது வேற கதை, அவையள் இந்த ரெக்கார்டைக் கேட்டே இருக்க மாட்டினம்.

கருப்புக்கட்டை
நான் எங்கய்யா அப்படிச் சொன்னேன்? ஆனா சொன்னா என்ன தப்பு? சிகாகோக்காரன் அஞ்சு வருஷம் கழிச்சுப் பண்ணா கண்டுபிடிப்பு, நம்ம ஆளு முன்னாடியே பண்ணா "வேற கதை"யா? கனடா போனதும் இப்படித்தான் பேச வருமோ?

ஸ்காபரோ_சிந்து
நான் கனடாவுக்கு வந்தது சிந்த் வாசிக்க இல்லை அண்ணை. உந்தக் கதை வேண்டாம்.

கருப்புக்கட்டை
சரி, அதை விடுங்க. ஆனா சிகாகோ விஷயத்துல நான் விட மாட்டேன்.

புதுசு_2
டெஸ்ட் மோட்ல பார்த்தாச்சு சார். ஆறாவது குரல்தான். விலையும் நல்லாவே குறைச்சுட்டார், வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்தாச்சு. பின்னாடி 100வி னு எழுதியிருக்கு. அப்படியே சொருகலாமா?

ஈயப்பற்று
சொருகாதீங்க!! ஜப்பான் மார்க்கெட் பீஸ் அது, 100 வோல்ட். நம்ம 230ல சொருகினா பவர் சப்ளை புகையும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும்.

வோல்ட்_வேந்தன்
"இங்கேயே வாங்கி வாசித்தது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார், கவனித்தீர்களா? அடுத்த பொய். புதுசு_2, கவலை வேண்டாம், ஒரு ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் போதும். மலிவு, எடையும் குறைவு.

ஈயப்பற்று
தம்பி அதைக் கேக்காதீங்க. ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர்ல இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே வைண்டிங். நியூட்ரல் பக்கம் அறுந்துச்சுன்னா 230ம் நேரா மெஷினுக்குள்ள போகும். ரெண்டு வைண்டிங்கும் தனித்தனியா இருக்கிற ஐசோலேஷன் டைப் வாங்குங்க. பின்னாடி லேபிள்ல வாட்ஸ் போட்டிருக்கும், அதைவிட ரெண்டு மடங்குக்கு எடுங்க.

வோல்ட்_வேந்தன்
இத்தனை வருடமாக என் வீட்டில் ஆட்டோதான் ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லை.

கருப்புக்கட்டை
என்னத்தைச் சொருகி ஓடுது? பாலிசிக்ஸ்தான் செத்துக் கெடக்கே.

வோல்ட்_வேந்தன்
சாகவில்லை. ஓய்வில் இருக்கிறது. உரிய பேட்டரி, உரிய போர்டு கிடைக்கும்வரை அப்படியேதான் இருக்கும், உங்கள் அவசரத்துக்காக அதில் ஒயர் கட்ட முடியாது. டிசிஓவை எப்படி விளம்பரத் தந்திரத்தால் அனலாக் என்று விற்றார்கள் என்று நாளை விரிவாக எழுதுகிறேன். மேட்ரிக்ஸ்-6, ஆல்ஃபா ஜூனோ என்று டிசிஓ வைத்த சிந்த் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். அதுவரை யாரும் இந்த த்ரெட்டைத் திசை திருப்ப வேண்டாம்.

புதுசு_2
ஐசோலேஷன் டைப் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குமா சார்?

ஈயப்பற்று
கிடைக்கும். அளவு சொல்லிச் சுத்தித் தரச் சொல்லுங்க. ரெடிமேடா "100 வோல்ட்"னு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பான், பாதி 110தான் குடுக்கும். மீட்டர் வச்சுப் பார்த்துட்டு சொருகுங்க.

வோல்ட்_வேந்தன்
110 கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

ஈயப்பற்று
சார், ரெகுலேட்டர் எவ்வளவு சூடாகும்னு ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா?

ஸ்காபரோ_சிந்து
எனக்கு விடிஞ்சால் வேலை, நான் படுக்கப்போறன். வேந்தன் அண்ணை, நாளைக்கு நீட்டி எழுதேக்கை ப்ராஃபெட்-5ல இருந்து துவங்குங்கோ. அதுக்கு இன்னும் நீங்கள் மறுமொழி சொல்லேல்லை.

வோல்ட்_வேந்தன்
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.