ஒளிந்திருக்கும் பெயர்களைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1975-இல் வந்த ‘வீனஸ் ஆன் தி ஹாஃப் ஷெல்’ என்ற ஆங்கில அறிவியல் புனைகதை நாவலை யாராவது படித்திருக்கிறீர்களா? அட்டையில் ஆசிரியர் பெயர் கில்கோர் ட்ரவுட். ஆனால் அவர் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் தன் கதைகளில் உருவாக்கிய பாத்திரம். உண்மையில் எழுதியவர் பிலிப் ஹோசே ஃபார்மர். ட்ரவுட் என்ற பெயரிலேயே ஒரு கிண்டல் இருக்கிறது: எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜனை மனதில் வைத்து வானகட் வைத்த பெயர் அது. ஸ்டர்ஜனும் மீன், ட்ரவுட்டும் மீன்!

நாயகன் சைமன் வாக்ஸ்டாஃப். அது ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு புத்தகத்துக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். நாயகியின் பெயரைத்தான் வாயில் நுழையாமல் ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்: ச்வொர்க்டாப். ஆங்கில எழுத்துகளைக் காகிதத்தில் எழுதி மாற்றிப் போட்டேன், ‘பேட்ச்வொர்க்’ (ஒட்டுத் துணி வேலை) என்று வந்தது. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாவலில் வரும் கிரகங்களின் பெயர்களும் இடையில் வரும் கற்பனை எழுத்தாளர்களின் பெயர்களும் எனக்குப் பிடிபடவில்லை. எழுத்தை மாற்றிப் போடுவதா, பழைய புனைபெயர்களைத் தேடுவதா, எதில் தொடங்கலாம்? கண்டுபிடித்தவர்கள் ஒன்றிரண்டு பெயரையாவது சொல்லுங்கள்; அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.