"மேலாளரோடு கருத்து வேறுபட்ட சமயத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதிலை எப்படி அடுக்குவது?

ஜாவாதம்பி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஜாவா டெவலப்பராக இருக்கிறேன், வங்கி கிளையன்ட். அடுத்த மாதம் அமேசான் சென்னையில் லூப் ரவுண்டு, அதாவது பலர் அடுத்தடுத்து தனித்தனியாக எடுக்கும் நேர்காணல்கள். கோடிங், சிஸ்டம் டிசைன் இரண்டுக்கும் தயாராகிக்கொண்டிருக்கிறேன், அதில் பயமில்லை. எல்லா ரவுண்டிலும் பாதி நேரம் "ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" வகைக் கேள்விகள் வரும் என்கிறார்கள், அங்கேதான் கை நடுங்குகிறது. ஸ்டார் முறை தெரியும்: சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு. அதன்படி எழுதிப் பார்த்தேன், ஆனால் படித்தால் ரெஸ்யூமே மாதிரி இருக்கிறது. இதோ:

"வங்கிக்குப் பேமெண்ட் மாட்யூல் செய்துகொண்டிருந்தோம். மைக்ரோசர்வீஸ், ஸ்பிரிங் பூட், காஃப்கா எல்லாம் பயன்படுத்தினோம். ரிலீஸுக்கு முன்னால் ஒரு ரிஸ்க் இருப்பது தெரிந்தது. லீடுக்கும் டீமுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். ரிலீஸ் நல்லபடியாக முடிந்தது, கிளையன்ட் பாராட்டினார்."

எங்கே உதைக்கிறது? தயவுசெய்து வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எதிர்நாற்காலி:

தம்பி, நான் பல வருடமாக ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்காருகிறவன் (அமேசான் இல்லை, வேறு ப்ராடக்ட் கம்பெனி). கேள்வி கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், மீதி தானாக விளங்கும். ஸ்டார் முறையை 1970களில் பிட்ஸ்பர்க்கில் இருக்கும் டெவலப்மென்ட் டைமென்ஷன்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் கொண்டுவந்தது, அதுவும் நேர்காணல் எடுப்பவர்களுக்காக. ஒரு ஆள் சொல்லும் கதையில் என்ன சூழல் அல்லது பொறுப்பு, அவர் என்ன செய்தார், என்ன ஆனது என்ற மூன்றும் கிடைத்ததா என்று பார்த்துக் குறித்துக்கொள்வதற்கான முறை அது. இன்றைக்கும் நாங்கள் அப்படித்தான் குறிப்பு எடுக்கிறோம். உங்கள் பதிலைக் கேட்டால் "செய்தது" என்ற இடத்தில் நான் எழுத ஒரு வரிகூட இல்லை. "பேசித் தீர்த்தோம்" என்றால் யார் பேசியது, என்ன பேசியது, யார் மனம் மாறியது?

அமேசானில் இது இன்னும் கறார். அவர்களுக்கு 16 லீடர்ஷிப் ப்ரின்ஸிபிள்கள் (2021 வரை 14 இருந்தன). லூப்பில் ஒவ்வொருவருக்கும் அவற்றில் சிலவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், அவர் அதையே தோண்டுவார். வேறு டீமிலிருந்து பார் ரெய்ஸர் என்று ஒருவர் வருவார், அவர் வேண்டாம் என்றால் எடுப்பது கஷ்டம். கடைசியில் எல்லோரும் தங்கள் குறிப்புகளோடு கூடி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை, உங்களைப் பற்றி எழுதிய வரிகள்தான் இருக்கும். அதனால் எழுதத் தகுந்த வரிகளைக் கொடுங்கள்.

நீங்கள் எடுத்திருக்கும் கேள்வி நேராக "ஹேவ் பேக்போன், டிஸ்அக்ரீ அண்ட் கமிட்" என்ற கொள்கைக்கானது. இரண்டு பாதி இருக்கிறது பாருங்கள்: மறுக்கும் துணிவு, முடிவான பிறகு முழு மனதோடு செய்வது. உங்கள் பதிலில் இரண்டுமே காணோம்.

கதை நல்ல கதை என்றுதான் தோன்றுகிறது. கேட்கிறேன், சொல்லுங்கள்: ரிஸ்க் என்ன? அதை முதலில் பார்த்தது யார்? லீட் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? கடைசியில் யார் சொன்னபடி நடந்தது?

ஜாவாதம்பி:

நன்றி அண்ணா. பார்த்தது நான்தான், ரீட்ரை பகுதி (பதில் வராத ரிக்வெஸ்டை மறுபடி அனுப்புவது) என்னுடையது. ஒரு ரிக்வெஸ்ட் டைம்அவுட் ஆகி மறுபடி போனபோது ஒரே கணக்கில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டது லாகில் தெரிந்தது. டெஸ்ட் சர்வர் மெதுவாக இருப்பதால்தான் அப்படி, ரிலீஸ் தேதியைத் தள்ள முடியாது என்றார் லீட். நான் டைம்அவுட்டை வேண்டுமென்றே வரவைத்து ஓட்டிக் காட்டினேன். கடைசியில் ரீட்ரையை அணைத்துவிட்டு ரிலீஸ் செய்தோம், சரியான ஃபிக்ஸ் அடுத்த வாரம் போனது. நான் சொன்னபடி முழுசாக நடக்கவில்லை, அதனால்தான் விவரமாகச் சொல்லத் தயங்கினேன்.

எதிர்நாற்காலி:

அடடா, தங்கம் போன்ற விவரத்தை எல்லாம் வெளியே வைத்துவிட்டு காஃப்காவை உள்ளே வைத்திருக்கிறீர்கள்! நீங்கள் சொன்னபடி நடக்காததுதான் இந்தக் கேள்விக்கு உங்கள் பலம். எழுதிக் காட்டுகிறேன், எண்களை உங்கள் லாகைப் பார்த்துச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்:

"வங்கியின் பேமெண்ட் சர்வீஸ், வெள்ளிக்கிழமை ரிலீஸ், தேதி கிளையன்டிடம் உறுதியாகிவிட்டது. ரீட்ரை பகுதி என் பொறுப்பு. புதன்கிழமை லாகில் ஒரே பேமெண்ட் இரண்டு முறை டெபிட் ஆனதைப் பார்த்து லீடிடம் சொன்னேன். டெஸ்ட் சர்வர் மெதுவாக இருப்பதால் வருவது என்றார். ஏற்கனவே ஒரு முறை தேதி தள்ளிப்போனதால் அவருக்கு நெருக்கடி, அது எனக்குப் புரிந்தது. வாய்வார்த்தையில் இதைத் தீர்க்க முடியாது என்று தோன்றியதால், அன்று மாலையே டைம்அவுட்டை வரவைத்து 50 முறை ஓட்டினேன், 7 முறை இரட்டை டெபிட் ஆனது. அந்த லாகோடு இரண்டு வழிகளை எடுத்துப் போனேன். ஒன்று, ரிலீஸைச் சில நாள் தள்ளி ஐடெம்பொட்டன்ஸி கீ, அதாவது ஒரே பேமெண்ட் மறுபடி வந்தால் கண்டுபிடித்துத் தடுக்கும் அடையாளம், சேர்ப்பது. இரண்டு, ரீட்ரையை மட்டும் அணைத்துவிட்டுத் தேதிக்கே போவது, ஆனால் தோற்றுப்போகும் பேமெண்ட்களை ஆபரேஷன்ஸ் டீம் கையால் அனுப்ப வேண்டிவரும். முதல் வழிதான் நல்லது என்று காரணத்தோடு சொன்னேன். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. ஆபரேஷன்ஸுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், வார இறுதியில் பிரச்சினை வந்தால் உடனே பார்க்க ஆன்காலுக்கு நானே நின்றேன். இரட்டை டெபிட் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வாரம் கீ சேர்த்து ரீட்ரையைத் திறந்தோம்."

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடியும். சூழலுக்கு இரண்டே வாக்கியம். லீட் முட்டாள் இல்லை, அவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்த ஆளைத்தான் நான் டீமில் எடுப்பேன். ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ஏன் என்பதும் இருக்கிறது. ஆன்கால் நின்றது, குறிப்பு எழுதியது எல்லாம் நான் ஊகித்துப் போட்டவை, நடக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "அந்தக் குறிப்பில் என்ன எழுதினீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும், செய்யாதவனால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

டெஸ்டிங்_அக்கா:

அருமையான பதில். கூடவே ஒன்று: எண் இல்லாத கதைகளும் உண்டு, அதற்காகத் திறனை 40 சதவீதம் கூட்டினேன் என்று எங்கிருந்தோ ஒரு சதவீதத்தைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். எதோடு ஒப்பிட்டு 40 என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம். "முன்பு ஒவ்வொரு ரிலீஸுக்கும் ரிக்ரஷன் டெஸ்ட் (பழையது எதுவும் உடையவில்லையா என்ற சோதனை) முடிய இரண்டு நாள் ஆகும், இப்போது காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் முடிகிறது" என்பது போதும்.

அப்புறம், கேள்விக்கு ஒரு கதை என்று முப்பது கதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆழமாகத் தெரிந்த ஏழெட்டு கதை போதும். இந்தப் பேமெண்ட் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: லீடோடு பேசியதை முன்னால் வைத்தால் கருத்து வேறுபாட்டுக் கேள்விக்கு ஆகும், லாகைத் தோண்டியதை விரித்தால் "டைவ் டீப்" (ஆழமாக இறங்கிப் பார்ப்பது) என்ற கொள்கைக்கான கேள்விக்கு ஆகும், வார இறுதியில் நின்றதைச் சொன்னால் "ஓனர்ஷிப்" (வேலையைத் தன்னுடையதாக நினைப்பது) என்ற கொள்கைக்கு. ஆனால் ஒரே லூப்பில் எல்லோரிடமும் இதையே சொல்லாதீர்கள், அவர்கள் பிறகு உட்கார்ந்து பேசுவார்கள் என்று மேலே சொல்லியிருக்கிறார் அல்லவா.

தோல்வியைப் பற்றிக் கேட்டால் "நான் ரொம்ப பெர்ஃபெக்‌ஷன் பார்ப்பேன்" வகைப் பதில் வேண்டவே வேண்டாம். உண்மையில் சறுக்கிய ஒன்றைச் சொல்லுங்கள், உங்கள் பங்கு எது என்று நேராகச் சொல்லுங்கள், அதன்பின் வேலை செய்யும் முறையில் எதை மாற்றினீர்கள், அந்த மாற்றம் அடுத்த முறை எங்கே உதவியது என்பதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

தேம்ஸ்கரை:

லண்டனிலிருந்து. இங்கே பிரிட்டன் அரசு வேலைக்கும் இதே கதைதான். சக்சஸ் ப்ரொஃபைல்ஸ் என்ற முறையில் 9 பிஹேவியர்கள், அவற்றில் அந்த வேலைக்குக் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்திலேயே பெரும்பாலும் 250 வார்த்தைக்குள் ஒரு உதாரணம் எழுத வேண்டும், 1 முதல் 7 வரை மதிப்பெண், பொதுவாக 4 வந்தால்தான் தேறும். அமேசானுக்கு அந்த வரம்பு இல்லை என்றாலும் பயிற்சிக்கு 250 வார்த்தையில் எழுதிப் பாருங்கள். முதல் தடவை பாதி இடத்தைச் சூழலே தின்றுவிடும். அதை வெட்டி வெட்டி ஐம்பதுக்குள் கொண்டுவந்தால் நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல நிறைய இடம் கிடைக்கும். எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒப்பிப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஜாவாதம்பி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பு எழுதியது நான் இல்லை, ஆபரேஷன்ஸோடு கால் போட்டு விளக்கினேன், அதையே சொல்லிக்கொள்கிறேன். ஆன்கால் நின்றது உண்மை. இன்னும் இரண்டு சந்தேகம். தமிழில் கதை சரளமாக வருகிறது, ஆங்கிலத்தில் தடுக்குகிறது. தயாரித்த எதற்கும் பொருந்தாத கேள்வி வந்தால் என்ன செய்வது?

எதிர்நாற்காலி:

முதலில் தமிழிலேயே ஒரு நண்பரிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள், அவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும். வரிசை மனதில் உட்கார்ந்த பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணப் பிழைக்கு யாரும் குறிப்பு எழுதுவதில்லை, என்ன நடந்தது என்று புரியாமல் போனால்தான் எழுதுவோம்.

பொருந்தாத கேள்வி வந்தால் "யோசிக்க ஒரு அரை நிமிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள், தாராளமாகக் கொடுப்போம். அப்படியும் வரவில்லையா, "இதே மாதிரி நடந்ததில்லை, இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது, சொல்லலாமா" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அடுத்த கதையையும் எழுதினால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.