சிற்பம், சிலை, படிமம்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி
கண்காட்சிக்குத் தமிழில் பெயர்ப்பலகை தயாரிக்கிறோம். பளிங்கில் செதுக்கியது, சுடுமண், வெண்கல வார்ப்பு, இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தது என நான்கு வகை இருக்கின்றன. சிற்பம் என்றால் செதுக்கியது மட்டும்தான் என்கிறார் குழுவில் ஒருவர். நான்குக்கும் அந்தச் சொல் பொருந்துமா? அதன் வேர் என்ன?

பதில் 1
தாராளமாகப் பொருந்தும். சிற்பம், சமஸ்கிருத 'சில்ப' என்பதிலிருந்து வந்தது. கைத்திறன் கொண்ட எந்தத் தொழிலையும் அது குறிக்கும். திவாகர நிகண்டு சிற்பத் தொழிலுக்கு உரியவையாகப் பத்துப் பொருள்களைச் சொல்கிறது: கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு. மண்ணையும் மெழுகையும் யாரும் உளியால் செதுக்குவதில்லையே!

செதுக்கல் என்ற குறுகிய பொருள் லத்தீன் பக்கத்தில்தான் இருக்கிறது. 'ஸ்கல்ப்பெரே' என்றால் செதுக்குதல். 1662இல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 'ஸ்கல்ப்சுரா' என்று தலைப்பிட்டு எழுதிய நூல் செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் பற்றியது. மைக்கலாஞ்சலோவும் 1547இல் இத்தாலிய அறிஞர் வார்க்கிக்கு எழுதிய கடிதத்தில், நீக்கி நீக்கி உருவாக்குவதையே சிற்பம் என்கிறார். சேர்த்துச் செய்வது அவருக்கு ஓவியத்துக்கு நெருக்கமானது. உங்கள் குழு நண்பர் சொல்வது இந்த மரபை.

'சிலை' வேறு. கல்லைக் குறிக்கும் 'சிலா'விலிருந்து வந்து, இன்று எந்தப் பொருளில் செய்த உருவத்துக்கும் வழங்குகிறது. (சங்கப் பாடல்களில் சிலை என்றால் வில், அது தனிச் சொல்.) உருவம் எதுவும் இல்லாத இரும்புப் படைப்பைச் சிலை என்று எழுதாதீர்கள். படிமம், ஒன்றின் சாயலில் அமைந்த உருவம். பெரும்பாலும் வழிபாட்டுத் திருமேனிகளுக்கு எழுதுவார்கள்.

பதில் 2
சொல்லோடு செய்முறையையும் பலகையில் போடுங்கள். ஒரு படைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது அதில்தான் புரியும்.

பளிங்கு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் கிரேக்க வெண்கலங்களைப் பார்த்து ரோமானியர் பளிங்கில் செய்த நகல்களில் காலோடு ஒட்டி, மரக்கட்டை வடிவில் செதுக்கிய ஒரு பளிங்குத் தாங்கல் நிற்கும். அது இல்லாவிட்டால் கணுக்காலில் முறியும்.

சுடுமண் உருவம் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். உள்ளே கம்பிக்கூடு இருந்தால் அது சுருங்காது, மண் வெடிக்கும். சூளைக்கு முன் கம்பியை எடுத்துவிட்டு உட்புறத்தைக் குடைந்து, சுவரைச் சுமார் 2.5 செ.மீ.க்குள் வைப்பார்கள். தடித்த இடத்தில் ஈரம் தங்கினால் ஆவியாகிப் பிளந்துவிடும்.

மெழுகு வார்ப்பில் மெழுகு உருவின் மேல் முதலில் நுண்மண், பிறகு கரடுமண் பூசி, நிழலில் உலர்த்தி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். கன வார்ப்புக்கு (உள்ளே வெற்றிடம் இல்லாதது) மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ 9 மடங்கு வெண்கலம் தேவை. உலோகம் பாயும் வாய்க்கால்களுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் தெறிக்கும், மேற்பரப்பில் துளை விழும்.

கேட்டவர்
மிக்க நன்றி. பற்றவைத்த இரும்புக்கு என்ன எழுதுவது?

பதில் 1
"இரும்பு, பற்றவைப்பு" போதும். பிக்காசோ 1914இல் தகட்டை வெட்டி இணைத்துச் செய்த 'கிட்டார்' சிற்பம் என்றே வழங்குகிறது, அதனால் தயங்க வேண்டாம். மற்றவை: "பளிங்கு, செதுக்கல்", "சுடுமண்", "வெண்கலம், மெழுகு வார்ப்பு". பின்னணிப் பலகையோடு ஒட்டியிருந்தால் "புடைப்புச் சிற்பம்". அளவை உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் கொடுங்கள். பீடம் தனியாகச் செய்தது என்றால் அதன் அளவைச் சேர்க்காதீர்கள்.