வெவ்வேறு லீக் வீரர்களை ஒரே பட்டியலில் எப்படி வரிசைப்படுத்துவது?

வணக்கம் நண்பர்களே. என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட்டுக்கு, அதாவது அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, முன்னால் முதல் சுற்றுக்கான 32 பேரை நானே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். ஐரோப்பாவில் பெரியவர்களோடு ஆடும் பையனையும் கனடா ஜூனியர் லீக்கில் ஆடுபவனையும் எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கி நிற்கிறேன்.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கனடா ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஓஹெச்எல்லில் ஷேன் ரைட் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து). பின்லாந்தின் முதன்மை லீக்கில் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 31 ஆட்டங்களில் வெறும் 10. ஆனால் அதே பருவத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டங்களில் 7 கோல் அடித்துத் தொடரின் சிறந்த வீரரானார். டிராஃப்ட்டில் மான்ட்ரியால் அணி முதலில் எடுத்தது அவரைத்தான். ரைட் 4-ஆவதாகப் போனார். புள்ளிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. என்ஹெச்எல்லின் மத்திய ஸ்கவுட்டிங் (இளம் வீரர்களை மதிப்பிடும்) பிரிவும் வட அமெரிக்கா, ஐரோப்பா என்று தனித்தனிப் பட்டியல்தான் போடுகிறது. கோல்கீப்பர்களுக்கு வேறு பட்டியல்.

அப்புறம் வயது. செப்டம்பர் 15-க்குள் 18 நிறைந்தால் அந்த ஆண்டு டிராஃப்ட்டில் வரலாம். ஒரு நாள் தள்ளிப் பிறந்தவன் அடுத்த ஆண்டுதான் வர முடியும். அப்போது மற்ற சிலரைவிட அவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். அந்த வயதில் உடல்பலத்தில் அது பெரிய வித்தியாசம்.

லீக்கின் தரத்துக்கும் வயதுக்கும் புள்ளிகளில் எவ்வளவு கூட்டிக் கழிக்கிறீர்கள்? முழு ஆட்டம் பார்க்கும்போது பக் (ஆட்டத்தில் அடிக்கும் வட்டு) தன்னிடம் இல்லாத நேரத்தில் ஒரு வீரரிடம் எதைக் கவனிக்கிறீர்கள்? கோல்கீப்பர்களை முதல் சுற்றில் சேர்ப்பீர்களா? இப்படிப் பட்டியல் போட்ட அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.