மஞ்சளாகிப்போன தலையணை: இலவம் பஞ்சைத் துவைக்கலாமா?

காப்பித்தோட்ட வீடு:
ஏற்காட்டுக்குக் குடிவந்து 3 வருடம் ஆகிறது. சேலத்தில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. வீட்டில் இருந்தது 4 தலையணை. இரண்டு இலவம் பஞ்சு, கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்தது. இரண்டு ஃபைபர். நாலுமே மஞ்சள் பாரித்துவிட்டன. வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார். அரப்பை ஒப்புக்குத் தடவிவிட்டு, மதியம் சாப்பிட்டதும் நேராகத் தலையணைதான். உறையைக் கழற்றினால் நடுவில் தோசை ஊற்றிய மாதிரி ஒரு வட்டம்.

போன ஐப்பசியில் இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றை அப்படியே மெஷினில் போட்டேன். எடுத்தால் உள்ளே நாலு கொழுக்கட்டை. வெளியே பனிமூட்டம், ஆறு நாள் வெயிலே இல்லை. ஏழாம் நாள் வாடை தாங்காமல் தூக்கி எறிந்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மீதி மூன்றுக்கும் வழி சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் போடலாமா?

மெத்தைக்கடை மகன்:
அக்கா, பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். வியர்வைக் கறை அதில் இன்னும் பழுப்பேறும்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மெத்தை தைத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பஞ்சில் விதை பொறுக்குவது என் வேலை. இலவம் இழை உள்ளே வெறும் குழல், வெளியே மெழுகு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவை உடுப்புக்குள் இதைத்தான் திணித்தார்கள். மெஷினில் போட்டு முறுக்கினால் குழல் நசுங்கிக் கட்டி தட்டிவிடும். பருத்தி என்றால் பஞ்சடிப்பவரிடம் கொடுத்து எழுப்பலாம். இலவம் இழை குட்டை, அடித்தால் தூசாகப் பறக்கும்.

ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பஞ்சைப் பழைய வேட்டியில் கொட்டி மூட்டை கட்டுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். நடுவில் தும்மினால் போச்சு, வீடெல்லாம் பஞ்சுதான். எண்ணெய் இறங்கிய இடம் கையில் கட்டியாகத் தட்டுப்படும். அதை எறிந்துவிடுங்கள். மற்றது லேசாக மஞ்சளாக இருந்தால் விடுங்கள், பஞ்சின் நிறமே சில சமயம் அப்படித்தான். மூட்டையை நல்ல வெயிலில் இரண்டு நாள் புரட்டிப் போட்டால் போதும். குறைகிற பஞ்சைப் பங்குனி, சித்திரையில் வாங்குங்கள். காய் வெடிக்கிற காலம், புதுசாகக் கிடைக்கும்.

காலித் துணியை மட்டும் துவையுங்கள். வட்டத்தின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து அரை மணி ஊறவிட்டு, அப்புறம் சுடுதண்ணீரில் அலசுங்கள். எண்ணெய் போகாமல் மஞ்சள் போகாது.

வெயில் இல்லையே என்று அடுப்புப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

அம்மாபேட்டை அத்தை:
ஃபைபரைத் தாராளமாகத் துவைக்கலாம் கண்ணு. ஒன்றை மட்டும் போடாதே, மெஷின் ஒரு பக்கம் இழுத்து ஆடும். இரண்டையும் சேர்த்துப் போடு. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்து துணியிலேயே ஒட்டும். அதனால் முதலில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா, அது கரைந்த பிறகுதான் சோப்பு. மேட்டூர் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத் துவைப்பேன். இரண்டு தடவை கூடுதலாக அலசு.

இன்னொன்று. துவைப்பதற்கு முன்னால் தராசில் எடை போட்டு எழுதி வை. காய்ந்தது என்று தொட்டுப் பார்த்து ஏமாறாதே, மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். பழைய எடைக்கு வந்தால்தான் உறை போடு.

நைட் ஷிப்ட்:
என்னுடையது லேடெக்ஸ். அதையும் இப்படி ஊறவைக்கலாமா?

மெத்தைக்கடை மகன்:
வேண்டாம் தம்பி. ஊறினால் லேசில் காயாது, வெயிலில் வைத்தால் பொரிந்து உதிரும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள்.

காப்பித்தோட்ட வீடு:
மேலே வெயிலை நம்ப முடியாது என்று மூன்றையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் கீழே கொண்டுவந்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் மடியில் அந்தச் சாக்குதான். கண்டக்டர் இலவமா என்று கேட்டு, ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபைபர் இரண்டும் அம்மா வீட்டு மொட்டை மாடியில் காய்கின்றன. ஒன்று துவைக்கும் முன் 720 கிராம். நேற்று மாலை தொட்டால் மொறுமொறு, தராசில் 790. அத்தை சொன்னது சரி. இன்று மதியம் 725, அவ்வளவுதான். வட்டம் முழுதாகப் போகவில்லை, ஆனால் தோசை இப்போது ஆப்பம் அளவுக்கு வெளுத்திருக்கிறது. இனி சனிக்கிழமை அவர் தலைக்கு அடியில் பழைய துண்டு.

இலவம் பஞ்சு மூட்டையை அம்மாதான் புரட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்திவிட்டு, "ஜோடியாத்தானே தைச்சுக் கொடுத்தேன், இன்னொண்ணு எங்கடி?" என்று கேட்டார்.