இலங்கை மலையகத்தில் பிரெஞ்சு பழகுவோர் அனுபவப் பகிர்வு: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

எல்லயிலிருந்து:
தங்குமிடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போகிறார்கள். அதனால்தான் குளிருக்கு 'ஜெ சுய் ஃப்ர்வா' என்கிறார்கள். கேட்பவருக்கு அது 'நான் ஒட்டுறவில்லாத ஆள்' என்று படும். 'ஜே ஃப்ர்வா' என்பதே சரி. 'ஜே' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. நாமும் 'நான் குளிர்' என்பதில்லையே, 'எனக்குக் குளிருது' என்றுதானே சொல்கிறோம்? அந்த 'எனக்கு' இருக்கும் இடத்தில் 'ஜே' வையுங்கள். எனக்குப் பசிக்குது: 'ஜே ஃபேன்'. எனக்குத் தாகம்: 'ஜே சுவாஃப்'. எனக்கு இருபது வயசு: 'ஜே வேன்-தான்'. உடம்பு உணர்வதற்கும் வயசுக்கும் இது பொருந்தும். 'எனக்குத் தெரியும்' என்பதற்குப் பொருந்தாது, அது 'ஜெ சே'.

ஹட்டனிலிருந்து:
உச்சரிப்புக்கும் இதேதான். தேத்தண்ணியில் உள்ள 'தே' அப்படியே பிரெஞ்சுத் 'தே'. பல்லில் நாக்கு படும் நம்முடைய த்தான் அது, ஆங்கிலப் பழக்கத்தில் 'டே' என்றால் கெட்டுவிடும். மூக்கொலிக்கும் பயப்பட வேண்டாம். பேச்சில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசி ம் உதடு மூடாமல் மூக்கில் கரைகிறது. 'போன்' (நல்லது) முடிவதும் அப்படியே. 'அவன்' முடியும் விதத்தில் 'வேன்' (வைன்) முடியும். தமிழில் இல்லாத ஒலிகளில் ஒன்று 'ர்யூ' (தெரு) போன்ற சொற்களின் உயிரொலி. நாக்கை 'ஈ'க்கு வைத்து, உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள்.

தேயிலை பெக்டரிகளில் சுற்றிக்காட்டுபவர்களுக்கு: 'பால் வேணுமா?' என்பது 'வூ வூலே த்யூ லே?' வேண்டாம் என்றால் த்யூ (du) மாறிவிடும், 'பா த லே'. ப்ளேன்டீ (பால் போடாத தேத்தண்ணி) கேட்பவர் 'தே நாத்யூர்' என்பார்.

பண்டாரவளையிலிருந்து:
தமிழ்ப் பழக்கம் காலை வாரும் இடமும் உண்டு. 'பேசுறேன்' என்றாலே யார் என்று தெரிந்துவிடுவதால் 'நான்' என்பதை விட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் எல்லாவற்றுக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'. ஆகவே 'ஜெ'யை விழுங்கினால் யார் பேசுவதென்றே தெரியாது. 'நீங்க'வுக்கு 'வூ', 'நீ'க்கு 'த்யூ' (tu, பாலுக்கு முன்னால் வந்த du அல்ல). விருந்தினரிடம் எப்போதும் 'வூ'தான்.

பொருள்களுக்கு ஆண், பெண் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 'ல தே', 'லா கார்' (ஸ்டேஷன்) என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

நானுஓயாவிலிருந்து:
ஆட்டோ ஓட்டும் தம்பிமாருக்கு அதிகம் பிழை வருவது தொலைபேசி எண்ணில். பிரெஞ்சுக்காரர் பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 76 என்பது 'சுவாசான்த்-செஸ்', அதாவது 60+16. 92 என்பது 'காத்ர்-வேன்-தூஸ்', 4×20+12. 'சுவாசான்த்' காதில் விழுந்ததும் 60 எழுதிவிட்டு, அடுத்து 16 எழுதினால் எண் நீண்டுவிடும். 'சுவாசான்த்', 'காத்ர்-வேன்' இரண்டில் எது கேட்டாலும் கையை நிறுத்தி, அடுத்த ஒலி வந்தபின் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் சேமிக்கும்போது முதல் 0வை எடுத்துவிட்டு +33 (பிரான்ஸ் நாட்டுக் குறியீடு) போட வேண்டும்.

இன்னொன்று: கேள்விக்கு முன்னால் 'போன்ஜூர்'. மாலையானால் 'போன்சுவார்'. அதைச் சொல்லாமல் 'எங்கே போகணும்?' என்று தொடங்கினால், மற்ற இலக்கணமெல்லாம் சரியாக இருந்தாலும் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.